பிளாஸ்டிக் கார் மாடல் கட்டுவது எப்படி: பாடியிலிருந்து தொடங்கும் முழு வழிகாட்டி

பீரங்கி வண்டி மாடலில் பெயின்ட் திட்டுத் திட்டாக விழுந்தால் மேலே சேறும் புழுதியும் பூசிச் சரிக்கட்டிவிடலாம். போர் விமானத்தில் புகைக்கறை இருந்தால் அது அழகு. காருக்கு அந்தச் சலுகை கிடையாது. பளபளக்கும் பாடியில் ஒரு தூசி, ஒரு கைரேகை, சரியாகத் தேய்க்காத ஒரு அச்சுக்கோடு, எது இருந்தாலும் கண் நேராக அங்கேதான் போகும். பாகங்களைப் பசை போட்டு ஒட்டும் வேலை சீக்கிரம் முடிந்துவிடும். பாடியைத் தேய்ப்பது, பெயின்ட் அடிப்பது, காயவிடுவது, பாலிஷ் போடுவது, இவற்றுக்குத்தான் நேரமும் பொறுமையும் வேண்டும்.

கிட்டுடன், அதாவது பாகங்கள் அடங்கிய மாடல் பெட்டியுடன், வரும் விளக்கத்தாள் இதைச் சொல்வதில்லை. வழக்கமாக இஞ்சினில் ஆரம்பித்து, சேசிஸ், உட்புறம் என்று போய், கடைசிப் பக்கத்தில்தான் பாடிக்கு வரும். அந்த வரிசையை அப்படியே பின்பற்றினால் மற்ற எல்லாம் தயாராக உட்கார்ந்திருக்கும், பாடி மட்டும் காயாமல் கிடக்கும். பொறுமை போய், அரைகுறையாகக் காய்ந்த பாடியைக் கையில் எடுப்போம், விரல் பதிந்துவிடும். அதனால் இங்கே வரிசையை மாற்றியிருக்கிறேன். முதலில் பாடி. அது ஒரு மூடிய டப்பாவுக்குள் காய்ந்துகொண்டிருக்கும்போது மீதி காரைக் கட்டலாம்.

எந்த கிட்டை எடுப்பது

கார் மாடல்களில் பரவலான அளவுகள் இரண்டு: 1/24, 1/25. 4.8 மீட்டர் நீளமுள்ள கார் முதல் அளவில் 20 செ.மீ., இரண்டாவதில் 19.2 செ.மீ. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒழிய வித்தியாசம் தெரியாது. ஜப்பானிய கிட்டுகள் பெரும்பாலும் 1/24. தமியா, ஹசேகவா, ஃபுஜிமி, அவோஷிமா ஆகிய நான்கு நிறுவனங்களும் ஷிசுவோகா என்ற ஒரே மாகாணத்தைச் சேர்ந்தவை. அமெரிக்க கிட்டுகளில் 1/25 அதிகம். அங்கே கார் விற்பனையகங்களுக்காகச் செய்துகொடுத்த குட்டி விளம்பர மாடல்கள் அந்த அளவில் இருந்தன. 1958-ல் ஏஎம்டி நிறுவனம் ஆண்டுதோறும் புது மாடல் கார்களின் கிட்டுகளை வெளியிடத் தொடங்கியபோது அதே அளவு தொடர்ந்தது. ஃபார்முலா 1 கார்கள் 1/20-லும் 1/12-லும் கிடைக்கும். அவற்றில் பாகங்கள் அதிகம், டெக்கால்களும் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படங்கள்) ஏராளம், முதல் கிட்டாக வேண்டாம்.

பெட்டி புதிதாக இருப்பதால் உள்ளே இருப்பதும் புதிது என்று நினைத்துவிடக் கூடாது. பல பத்தாண்டுகளுக்கு முன் செய்த அச்சையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தி, புதுப் படத்தோடு வெளியிடுவது இந்தத் தொழிலில் சாதாரணம். பழைய அச்சில் ஓரங்களில் மெல்லிய பிளாஸ்டிக் பிசிறு நிறைய இருக்கும், பாகங்கள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாது. பழைய அமெரிக்க கிட்டுகள் சிலவற்றில் முன் சக்கரங்களை இணைக்கும் கம்பி இஞ்சின் பிளாக்கின் ஓட்டை வழியாகவே போகும்! பழகிய கைக்கு அது வேடிக்கை. புதியவருக்குத் தலைவலி.

முதல் கிட்டுக்கு என் பரிந்துரை: இஞ்சின் இல்லாத கிட், அச்சு சமீபத்தியதாக இருக்கட்டும், கதவும் பானட்டும் திறக்காத ஒரே துண்டு பாடி, வெள்ளை அல்லது சாம்பல் பிளாஸ்டிக். சிவப்பு பிளாஸ்டிக்கில் வரும் பாடியைத் தவிர்த்துவிடுங்கள். அந்தச் சிவப்பு மேலே அடிக்கும் பெயின்ட்டுக்குள் ஊறி வந்து வெள்ளையை ரோஸ் நிறமாக்கிவிடும். பெயின்ட் நிறத்திலும் யோசனை வேண்டும். கறுப்பில் ஒவ்வொரு கீறலும் தெரியும், மஞ்சளும் சிவப்பும் அடிநிறத்தைச் சரியாக மூடாது, மெட்டாலிக்கைத் தேய்க்கவே முடியாது. நீலம், கரும்பச்சை, சாம்பல் போன்ற நிறங்கள் கைகொடுக்கும்.

கருவிகள்

கடையில் தொங்குவதையெல்லாம் வாங்க வேண்டாம். ஒரு பக்கம் தட்டையான நல்ல நிப்பர் (வெட்டும் குறடு), கூர்முனை பிளேடு மாற்றக்கூடிய கத்தி, 400, 600, 1000, 1500, 2000 எண் கொண்ட தண்ணீர் உப்புத்தாள்கள், நுனி மெல்லிய இடுக்கி, மாடலுக்கென்றே வரும் மாஸ்கிங் டேப், வெட்டுவதற்கு அடியில் வைக்க ஒரு ரப்பர் பாய். இது போதும். பணம் செலவழிப்பதாக இருந்தால் நிப்பரில் செலவழியுங்கள். மட்டமான நிப்பர் வெட்டாது, நசுக்கும்.

பசையில் மூன்று வகை வேண்டும். முதலாவது, தண்ணீர் போல ஓடும் மாடல் சிமென்ட். மாடல் பாகங்களின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனை இது கரைத்து, இரண்டு பாகங்களையும் ஒரே துண்டாக்கிவிடுகிறது. பாகங்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பிரஷ் நுனியால் இணைப்பைத் தொட்டால் போதும், தானாக உள்ளே ஓடிவிடும். விரல் அந்த இணைப்பின் மேல் இருந்தால் விரலுக்கடியிலும் ஓடும், கவனம். இரண்டாவது, சூப்பர் குளூ: உலோகம், ரப்பர், குரோம் பாகங்களுக்கு. மூன்றாவது, காய்ந்ததும் தெளிவாகிவிடும் வெள்ளைப் பசை: ஜன்னல் கண்ணாடிக்கும் விளக்குகளுக்கும். கண்ணாடிப் பக்கம் சூப்பர் குளூவைக் கொண்டுபோகவே கூடாது. அதன் ஆவி படிந்து கண்ணாடி பனி மூடியதைப் போல வெளுத்துவிடும்.

ஏர்பிரஷ் இல்லாமல் நல்ல கார் வராது என்பார்கள். சும்மா பேச்சு. பாடி அளவுக்கு மாடல் ஸ்ப்ரே கேன் நன்றாகவே போதும். சிறு பாகங்களுக்குப் பிரஷ் இருக்கிறது.

செலவைப் பார்க்காமல் வாங்க வேண்டிய ஒன்று உண்டு: கரிம ஆவிகளைத் தடுக்கும் கார்ட்ரிஜ் பொருத்திய சுவாச முகமூடி. லாக்கர் பெயின்ட்டின் ஆவியைத் துணி மாஸ்க் தடுக்காது. ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் அடுப்போ விளக்கோ எரியக் கூடாது.

கழுவுவது, வெட்டுவது

பாகங்கள் அச்சிலிருந்து எளிதாகக் கழல்வதற்குத் தடவும் எண்ணெய்ப்பசை பிளாஸ்டிக்கின் மேல் கொஞ்சம் தங்கியிருக்கலாம். அதன் மேல் பெயின்ட் பிடிக்காது. பாகங்கள் ஒட்டி வரும் சட்டங்களையும் பாடியையும் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு போட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்துக் காயவையுங்கள். குரோம் பாகங்கள் உள்ள சட்டத்தைத் தேய்க்க வேண்டாம்.

வெட்டும்போது இரண்டு வெட்டு. முதல் வெட்டு சட்டத்தை ஒட்டி, பாகத்திலிருந்து தள்ளி. பாகம் கைக்கு வந்ததும் இரண்டாவது வெட்டு, அரை மில்லிமீட்டர் தண்டு மிச்சம் இருக்கும்படி. அந்த மிச்சத்தைக் கத்தியால் சீவி உப்புத்தாளால் முடியுங்கள். ஒரே வெட்டில் ஒட்ட வெட்டினால் பிளாஸ்டிக் பிய்ந்து குழி விழும், இல்லையென்றால் அந்த இடம் வெளிறிப் போகும். தெளிவான பிளாஸ்டிக்கில் அந்த வெளிறலைச் சரிசெய்ய வழியே இல்லை. கதவுக் கைப்பிடி மாதிரியான குட்டிப் பாகங்களைத் தெளிவான பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டு வெட்டுங்கள்; தெறித்தாலும் பைக்குள்ளேயே கிடக்கும். எல்லாவற்றையும் முதல் நாளே வெட்டிக் குவிக்கவும் வேண்டாம். எண் சட்டத்தில்தான் இருக்கிறது, பாகத்தில் இல்லை.

பாடியைத் தயார் செய்வது

பாடி வார்க்கும் அச்சு பல துண்டுகளால் ஆனது. அந்தத் துண்டுகள் சேரும் இடத்தில் மெல்லிய மேடு ஒன்று பாடி நெடுக ஓடும். அதுதான் அச்சுக்கோடு. பெரும்பாலான கார்களில் இது முன் ஃபெண்டரின் மேல் விளிம்பில் தொடங்கி, முன்கண்ணாடித் தூண் வழியாகக் கூரையின் ஓரத்துக்கு ஏறி, பின் தூண் வழியாக இறங்கி டிக்கியின் பக்கம் முடியும். பம்பரின் மூலைகளிலும் இருக்கும். வெறும் பிளாஸ்டிக்கில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. விளக்குக்கு நேராகச் சாய்த்துப் பாருங்கள், விரல் நகத்தை குறுக்கே ஓட்டுங்கள், தட்டும். பென்சிலால் அதன் மேல் கோடு போட்டுவிட்டால் தேய்க்கும்போது எது போயிற்று எது போகவில்லை என்று தெரியும்.

கத்தியின் முதுகை பாடிக்குச் செங்குத்தாகப் பிடித்து, அழுத்தாமல், மேட்டின் மேல் சுரண்டி இழுங்கள். மேடு தணிந்ததும் 600, பிறகு 1000, இரண்டும் தண்ணீர் தொட்டு. உப்புத்தாளை வெறும் விரலால் அழுத்தினால் விரல் பட்ட இடம் பள்ளமாகும். மெல்லிய ஸ்பாஞ்சு துண்டில் சுற்றிக்கொண்டு தேயுங்கள். தண்ணீர் தொட்டுத் தேய்ப்பதில் இன்னொரு நன்மை, பிளாஸ்டிக் தூள் மூச்சில் போகாது. தடிமனான பிளாஸ்டிக் ஆறும்போது உள்வாங்கி உண்டான சிறு குழிகளும் சில பாடிகளில் உண்டு. மாடல் பட்டியை மெல்லியதாகப் பூசி, நன்றாக இறுகியபின் தேய்த்துச் சமப்படுத்துங்கள்.

அடுத்து கதவு, பானட், டிக்கி ஆகியவற்றைச் சுற்றியுள்ள கோடுகள். இங்கே ஒரு சின்னக் கணக்கு. பிரைமர் (அடிப்பூச்சு), நிறம், கிளியர் (மேலே அடிக்கும் நிறமற்ற பூச்சு) எல்லாம் சேர்ந்து 0.1 மி.மீ. தடிமன் வந்தால், 1/24 அளவில் அது நிஜக் காரில் 2.4 மி.மீ. பெயின்ட்டுக்குச் சமம். இத்தனை தடிமன் கோடுகளுக்குள்ளும் இறங்கினால் கதவு எங்கே முடிகிறது என்றே தெரியாமல் மூழ்கிப்போகும். ஆகவே பெயின்ட்டுக்கு முன்பே கோடுகளை ஆழப்படுத்த வேண்டும். கத்தியின் முதுகோ, கோடு கீறும் கருவியோ எடுத்து, ஏற்கெனவே உள்ள பள்ளத்தில் எடையே கொடுக்காமல் மூன்று நான்கு முறை இழுங்கள். முதல் இழுப்பில் அழுத்தினால் கருவி தடம் மாறிக் கதவின் குறுக்கே கீறிவிடும். வளைவுகளில் மூலையிலிருந்து வெளிப்பக்கமாக இழுங்கள், மூலையை நோக்கி வேண்டாம்.

பெயின்ட்டுக்கு முன் கட்டாயம் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. பலர் தவிர்ப்பதும் இதைத்தான். பசை இல்லாமல், டேப் மட்டும் போட்டு முழுக் காரையும் ஒருமுறை கூட்டிப் பாருங்கள். சேசிஸ் பாடிக்குள் நுழைகிறதா? கண்ணாடி உட்காருகிறதா? பம்பருக்கும் பாடிக்கும் இடைவெளி ஒரே அளவா? இப்போது இறுக்கமாக இருப்பது பெயின்ட் ஏறியபின் இன்னும் இறுகும். தேய்க்க வேண்டிய இடத்தை இப்போதே தேய்த்துவிடலாம். பாடியின் நிறத்திலேயே வரும் பம்பர், ஸ்கர்ட், ஸ்பாய்லர் ஆகியவற்றை பெயின்ட்டுக்கு முன் ஒட்டிவிட்டால் இணைப்பு மறைந்துவிடும். அவற்றை ஒட்டியபின் சேசிஸ் உள்ளே போகுமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். போகாதென்றால் தனியாக, ஆனால் பாடியோடு ஒரே நேரத்தில், ஒரே கேனில் அடியுங்கள். மெட்டாலிக் நிறத்தில் இது கட்டாயம். வேறு நாள், வேறு கோணத்தில் அடித்த பம்பர் நிறம் மாறித் தெரியும்.

பெயின்ட் வகைகள்: எதன் மேல் எது

லாக்கர், அக்ரிலிக், எனாமல் என்று மூன்று வகை. லாக்கர் வேகமாகக் காயும், கடினமாக இறுகும், பிளாஸ்டிக்கைக் கவ்விப் பிடிக்கும், வாடையும் கடுமை. பாடிக்கு இதுதான் சரி. அக்ரிலிக் தண்ணீர் கலந்த வகை, உட்புறத்துக்கும் பிரஷ் வேலைக்கும் வசதி. எனாமல் மெதுவாகக் காயும், அதனால் பிரஷ் தடம் தெரியாமல் படியும். காய்ந்த லாக்கர் மேல் எனாமல் அடிக்கலாம், தவறினால் எனாமல் தின்னரால் துடைத்துவிடலாம், கீழே இருக்கும் லாக்கருக்கு ஒன்றும் ஆகாது. எனாமல் மேல் லாக்கர் அடித்தால் சுருங்கி மடிந்துவிடும். இந்த ஒன்றை மறக்கக் கூடாது.

கேன் வாங்கும்போது ஒரு பொறி இருக்கிறது. தமியாவின் டிஎஸ் (TS) வரிசைதான் நம் பாலிஸ்டைரீன் பாடிக்கு. அதே அலமாரியில் அதே உயரத்தில் நிற்கும் பிஎஸ் (PS) வரிசை ரேடியோவால் இயக்கும் பொம்மைக் கார்களின் பாலிகார்பனேட் பாடிக்கானது. மூடியின் நிறத்தை மட்டும் பார்த்து எடுத்துவிடாதீர்கள்.

பிரைமரிலிருந்து கிளியர் வரை

காலியான பாட்டில் ஒன்றின் மேல் டேப்பைச் சுருட்டி வைத்து, பாடியை உள்பக்கமாக அதில் பொருத்துங்கள். இனி பாடியைக் கையால் தொட வேண்டியதில்லை. மழை நாளில் அடிக்காதீர்கள். காற்றில் ஈரம் அதிகமானால் தின்னர் ஆவியாகும்போது ஈரம் பெயின்ட்டில் சிக்கிக்கொண்டு வெண்படலமாகப் பூக்கும். கேனை 40 டிகிரி செல்சியஸ் தாண்டாத தண்ணீரில் சில நிமிடங்கள் வைத்து, துடைத்து, நன்றாகக் குலுக்குங்கள். கேன் வெதுவெதுப்பானால் தூவல் நுணுக்கமாகும். அடுப்பில், வெயிலில், கொதிநீரில் வைப்பது வெடிப்புக்கு அழைப்பு.

பிரைமரில் சாம்பல் நிறத்தைத்தான் முதலில் அடிக்கச் சொல்வேன், மேலே என்ன நிறம் வரப்போவதாக இருந்தாலும். குறைகளைக் காட்டிக்கொடுப்பதுதான் பிரைமரின் முதல் வேலை. நீங்கள் தேய்த்து முடித்துவிட்டதாக நினைத்த அச்சுக்கோடு சாம்பலில் மறுபடி தலைகாட்டும். தேய்த்து, மறுபடி மெல்லிய பிரைமர். திருப்தியானபின், மஞ்சளோ சிவப்போ வெள்ளையோ வரப்போவதாக இருந்தால் வெள்ளைப் பிரைமர் ஒரு பூச்சு. சிவப்புக்கு ரோஸ் நிறப் பிரைமர் போட்டால் ஆழம் கூடும். சிவப்பு பிளாஸ்டிக் பாடி மாட்டிக்கொண்டிருந்தால் பிரைமருக்குக் கீழே வெள்ளிப் பூச்சு ஒன்று அடித்து ஊறலைத் தடுக்கலாம். கடைசியில் 1500 தாளால் லேசாக வருடி, துடைத்து, நிறத்துக்குப் போகலாம்.

கேனுக்கும் பாடிக்கும் 15 முதல் 20 செ.மீ. தூரம். பட்டனை பாடிக்கு வெளியே அழுத்தி, பாடியைக் கடந்து போய், மறுபக்கம் வெளியே விடுங்கள். பாடியின் மேல் வைத்து அழுத்தினால் முதல் துப்பல் துளியாக விழும். முதல் இரண்டு பூச்சுகள் வெறும் மூடுபனி. கீழே பிரைமர் தெரிந்தால் தெரியட்டும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் பத்துப் பதினைந்து நிமிடம். சக்கர வளைவுகளின் விளிம்பு, பம்பரின் அடி, கண்ணாடிச் சட்டங்களின் ஓரம், இந்த மறைவான இடங்களை முதலில் அடித்து, அப்புறம் பக்கங்கள், கடைசியில் பானட், கூரை, டிக்கி. முழு நிறம் ஏறும் பூச்சு மட்டும் சற்று ஈரமாக இருக்க வேண்டும். சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே அடியுங்கள்: பெயின்ட் விழுந்த இடம் முதலில் மணல்மணலாகத் தெரியும், இன்னும் கொஞ்சம் விழுந்ததும் அந்த மணல்கள் ஒன்று சேர்ந்து சட்டென்று தட்டையாகி மின்னும். அந்தக் கணத்தில் கை நகர்ந்துவிட வேண்டும். அதற்கு மேல் ஒரு வீச்சு போனால் வழியும்.

வழிந்தாலும், தூசி விழுந்தாலும், ஈரத்தில் தொடாதீர்கள். துடைக்கப் போனால் சின்னக் குறை பெரிய குறையாகும். காயட்டும், தேய்த்து, மேலே மெல்லிய பூச்சு கொடுத்தால் சரியாகிவிடும். வெண்படலம் பூத்தால் உலர்ந்த நாளில் மேலே மெல்லியதாக ஒரு பூச்சு அடித்தால் பெரும்பாலும் மறையும். எல்லாமே கைவிட்டுப் போனால் செறிவான ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் ஊறவைத்து பெயின்ட்டைக் கழற்றிவிட்டு மறுபடி தொடங்கலாம். முதலில் சட்டத்துண்டு ஒன்றில் சோதித்துவிடுங்கள்.

டெக்கால் இருக்கும் காராக இருந்தால் நிறத்துக்கும் கிளியருக்கும் நடுவில் அதை ஒட்ட வேண்டும். பளபளப்பான மேற்பரப்பு வேண்டும், சொரசொரப்பில் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளியாகத் தெரியும். டெக்காலை வெட்டி, தண்ணீரில் சில நொடி நனைத்து வெளியே எடுத்துவிடுங்கள். தண்ணீருக்குள்ளேயே மிதக்கவிட்டால் பசை கரைந்துவிடும். தாளில் வழுக்கத் தொடங்கியதும் ஈரமாக்கிய இடத்தில் நகர்த்தி வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு பஞ்சுக்குச்சியால் தண்ணீரை ஒற்றி எடுங்கள். வளைவிலும் கதவுக் கோட்டிலும் படியாமல் நின்றால் டெக்கால் மிருதுவாக்கும் திரவத்தை ஒரு துளி தடவுங்கள். டெக்கால் சுருங்கி நெளிந்து பயமுறுத்தும். தொடாமல் விட்டால் தானே இழுத்துக்கொண்டு படியும். ஒரு இரவு காயட்டும்.

கிளியர் அடிக்கும்போது அவசரம் டெக்காலைத் தின்றுவிடும். லாக்கர் கிளியரை எடுத்ததும் ஈரமாக அடித்தால் டெக்கால் கரையும், சுருங்கும். முதலில் மூன்று நான்கு மூடுபனிப் பூச்சு, ஒவ்வொன்றும் காய்ந்தபின் அடுத்தது, அதற்குப் பிறகு இரண்டு ஈரப் பூச்சு. பாலிஷ் போடுவதற்குத் தேய்க்கப் போகிறோம் என்பதால் தேய்மானத்துக்கும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். மெட்டாலிக் நிறத்துக்குக் கிளியர் கட்டாயம், அதன் துகள்களைத் தேய்க்கக் கூடாது. கிளியரைத்தான் தேய்க்கலாம்.

முடிந்ததும் மூடியுள்ள டப்பாவுக்குள் வைத்துவிடுங்கள், தூசி படியாது. எவ்வளவு நாள்? மூக்கைக் கேளுங்கள். பாடியை முகர்ந்தால் தின்னர் வாடை வருகிறதா, இன்னும் காயவில்லை என்று அர்த்தம். தொட்டால் ஒட்டாமல் இருப்பது ஒரு மணி நேரத்தில் வந்துவிடும், உள்ளே இறுகுவதற்கு ஒரு வாரம், இரண்டு வாரம்கூட ஆகும்.

பாடி காயும்போது: சேசிஸ், இஞ்சின், உட்புறம், வீல்

இந்தப் பகுதியில் விளக்கத்தாளை நம்பலாம். வரிசைப்படி ஒட்டுங்கள், ஒட்டும் முன் ஒவ்வொன்றையும் பொருத்திப் பாருங்கள். பெயின்ட் அல்லது குரோம் உள்ள இடத்தில் சிமென்ட் பிடிக்காது, அந்த இடத்தைச் சுரண்டிவிட்டு ஒட்டுங்கள்.

கறுப்பு என்பது ஒரே கறுப்பு இல்லை. உட்புறம் முழுக்க ஒரே கறுப்பை அடித்தால் எல்லாம் ஒன்றாகக் கலந்து குழி மாதிரி தெரியும். சீட்டுக்குக் கொஞ்சம் மினுமினுப்புள்ள கறுப்பு, டேஷ்போர்டுக்கு மங்கல் கறுப்பு, தரைவிரிப்புக்குக் கரும் சாம்பல் என்று பிரித்தால் மூடிய ஜன்னல் வழியாகப் பார்க்கும்போதும் பொருட்கள் பிரிந்து நிற்கும். சேசிஸின் அடிப்பகுதியிலும் இதே தந்திரம். தரைவிரிப்புக்கு வெள்ளைப் பசை தடவி மேலே வெல்வெட் தூளைத் தூவினால் நிஜ விரிப்புப் போலவே இருக்கும். சீட் பெல்ட்டை மாஸ்கிங் டேப்பில் மெல்லிய பட்டையாக வெட்டிச் செய்துவிடலாம். இஞ்சின் உள்ள கிட்டானால் ஸ்பார்க் பிளக் ஒயர்களை மெல்லிய ஒயரால் போட்டுப் பாருங்கள், 0.5 மி.மீ. துளை போதும். அந்த ஒரு மாற்றத்திலேயே இஞ்சின் உயிர் பெற்றுவிடும்.

டயரின் நடுவில் அச்சுக்கோடு ஓடும். வீலில் மாட்டி உப்புத்தாளில் உருட்டித் தேய்த்தால் கோடும் போகும், புது ரப்பரின் மினுமினுப்பும் போகும், சாலையில் ஓடிய டயர் மாதிரி ஆகும். ஜப்பானிய கிட்டுகளில் வீலுக்குள் பாலிகேப் என்ற மிருதுவான பிளாஸ்டிக் குப்பி வரும். அதில் சிமென்ட்டும் பிடிக்காது, பெயின்ட்டும் பிடிக்காது. அதனால்தான் வீல் சுற்றுகிறது. அதைச் சூப்பர் குளூவால் ‘சரிசெய்ய’ வேண்டாம். சஸ்பென்ஷன் ஒட்டியதும், பசை இறுகும் முன், நான்கு வீலையும் மாட்டித் தட்டையான கண்ணாடி மேல் நிறுத்துங்கள். நான்கும் தரையைத் தொட வேண்டும். ஒரு வீல் மட்டும் அந்தரத்தில் நிற்கும் கார், பெயின்ட் எவ்வளவு அழகாக இருந்தாலும் பொம்மையாகிவிடும்.

கிட்டோடு வரும் குரோம் சில நேரம் கண்ணைப் பறிக்கும் அளவுக்குத் தடிமனாக இருக்கும், அச்சுக்கோடும் அப்படியே தெரியும். வீட்டில் துணி வெளுக்கும் பிளீச்சில் போட்டால் கழன்றுவிடும். கையுறை போடுங்கள், பிளீச்சோடு அமிலம் எதையும் கலக்காதீர்கள். தேய்த்துச் சரிசெய்தபின் பளபளப்பான கறுப்பு அடித்து, அதன் மேல் குரோம் பெயின்ட். அடியில் கறுப்பு எவ்வளவு மென்மையோ மேலே குரோம் அவ்வளவு மின்னும்.

பாலிஷ்

பாடியில் வாடை நின்றுவிட்டதா? சரி, டப்பாவைத் திறக்கலாம். வெளிச்சத்தில் பார்த்தால் பளபளப்பு இருக்கும், ஆனால் பிரதிபலிப்பு நெளியும். ஆரஞ்சுத் தோல் என்பார்கள். அதைத் தட்டையாக்குவதுதான் இந்த வேலை.

முதலில் கூர்மையான விளிம்புகள், கதவுக் கோடுகளின் ஓரம், பானட்டின் மடிப்பு ஆகியவற்றின் மேல் மெல்லிய மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். விளிம்பில் பெயின்ட் எப்போதும் மெல்லியதாகத்தான் நிற்கும், இரண்டு தேய்ப்பில் பிரைமர் எட்டிப்பார்த்துவிடும். 2000 எண் தாளைத் தண்ணீரில் ஊறவைத்து, ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் சேர்த்து, ஒரே திசையில் லேசாகத் தேயுங்கள். மினுமினுப்பு போய் மங்கலாகும். நடுவில் மின்னும் புள்ளிகள் தெரிந்தால் அவை இன்னும் பள்ளத்தில் இருக்கின்றன. முழுக்க மங்கலானதும் நிறுத்திவிடுங்கள். பிறகு 3000, 4000, இன்னும் நுணுக்கமான துணிகள் இருந்தால் 8000 வரை. தேய்த்த தண்ணீரில் பாடியின் நிறம் கரைந்து வந்தால் கிளியரைத் தாண்டிவிட்டோம் என்று பொருள், உடனே நிறுத்துங்கள்.

அடுத்து பாலிஷ் காம்பவுண்டு, கரடு, நடுத்தரம், மென்மை என்ற வரிசையில். ஒவ்வொன்றுக்கும் தனித் துணி. ஒரே துணியைப் பயன்படுத்தினால் முந்தைய துகள்கள் புதுக் கீறல் போடும். டேப்பைக் கழற்றியபின் விளிம்புகளை மென்மையான காம்பவுண்டால் மட்டும் வருடுங்கள். கோடுகளுக்குள் புகுந்த காம்பவுண்டு காய்ந்து வெள்ளையாகத் தெரியும். சோப்புத் தண்ணீரும் மென்மையான பிரஷ்ஷும் கொண்டு கழுவிவிடுங்கள்.

நுணுக்கங்களும் கடைசிப் பொருத்தமும்

கதவுக் கோடுகளில் நீர்த்த எனாமலை ஓடவிட்டு, பரவியதைத் துடைத்தால் கோடு தெளிவாகும். சுத்தக் கறுப்பு கார்ட்டூன் மாதிரி ஆக்கிவிடும். வெள்ளைக் காருக்கு நடுத்தரச் சாம்பல், சிவப்புக்குக் கரும்பழுப்பு, இப்படிப் பாடியின் நிறத்தைவிட இரண்டு படி இருண்டது போதும். எனாமல் தின்னர் பெயின்ட் இல்லாத, இறுக்கமாகப் பொருத்திய பிளாஸ்டிக்கில் இறங்கினால் விரிசல் விழும், அதனால் குளிப்பாட்டாமல் தொட்டுத் தொட்டு விடுங்கள்.

ஜன்னலைச் சுற்றியுள்ள குரோம் பட்டைக்குப் பிரஷ் வேண்டாம். மாடலுக்கென்று வரும் ஒட்டும் உலோகத்தாளை ஒட்டி, பஞ்சுக்குச்சியால் அழுத்தி, புது பிளேடால் ஓரம் வெட்டி எடுங்கள். ரப்பர் பட்டைகளுக்கு மாஸ்கிங் செய்து அரை மங்கல் கறுப்பு. முன்கண்ணாடியின் கறுப்பு விளிம்பை உள்பக்கமாக அடிக்க வேண்டும், அப்போதுதான் வெளிப்பக்கம் கண்ணாடியாக மின்னும். ஹெட்லைட் குழிக்கு வெள்ளி, டெயில் லைட்டின் உள்பக்கம் தெளிவான சிவப்பு, இன்டிகேட்டருக்குத் தெளிவான ஆரஞ்சு.

கூட்டும் வரிசை: பாடிக்குள் கண்ணாடி, பிறகு உட்புறத் தொட்டியோடு சேர்ந்த சேசிஸ், பிறகு பம்பர், விளக்குகள், கடைசியாக பக்கக் கண்ணாடி, வைப்பர், ஏரியல். துருத்தி நிற்கும் எதையும் முன்னதாக ஒட்டினால் நிச்சயம் முறியும். கண்ணாடி ஒட்டும் முன் உள்பக்கம் ஊதிப் பாருங்கள். மூடியபின் ஒரு பஞ்சு இழை முன்கண்ணாடிக்குள் தெரிந்தால் எடுக்க வழியில்லை. சேசிஸை நுழைக்கும்போது பாடியின் பக்கங்களை லேசாக விரிக்க வேண்டியிருக்கும். மெல்லிய பருத்திக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், முன்பக்கத்தை முதலில் நுழைத்து, பின்பக்கத்தை மெதுவாக அழுத்துங்கள்.

வைக்கும் இடம் நேர் வெயில் படாததாக இருக்கட்டும். வெயிலில் டெக்காலும் கிளியரும் மஞ்சளிக்கும். மூடிய கண்ணாடிப் பெட்டி இருந்தால் தூசி துடைக்கும் வேலை மிச்சம், துடைப்பில் விழும் கீறலும் மிச்சம். பழைய கிட்டுகளின் வினைல் டயரில் உள்ள மிருதுவாக்கும் வேதிப்பொருள் மெல்ல வெளியேறி, தொட்டுக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். வீல் உருகும், பெட்டியின் அடித்தட்டில் டயரின் தடம் பதியும். வீலின் விளிம்பில் டயர் உட்காரும் இடத்துக்கு பெயின்ட்டோ உலோகத்தாளோ ஒரு அடுக்கு கொடுத்து, அடித்தட்டில் டயருக்குக் கீழே சிறு உலோகத்தாள் துண்டை வெட்டி வைத்துவிடுங்கள்.